பளபளன்னு இருந்த கம்பி ஏன் அறுந்தது?



நம்ம கடற்கரையில் பாய்மரப் படகைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. திருவிழாவுக்குப் படகுப் போட்டி விடும்போது கரையில் நின்று தொண்டை கட்டுகிற வரை கத்தியும் இருக்கிறோம். ஆனால் அவ்வளவு காற்றிலும் அந்தப் பாய்மரம் ஏன் ஒடிந்து விழாமல் நிற்கிறது என்று யோசித்தது உண்டா? நானும் யோசித்தது இல்லை. காலாண்டு விடுமுறையில் சென்னைக்கு மாமா வீட்டுக்குப் போனபோதுதான் இதைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

என் மாமா சென்னையில் ஒருவருடைய சின்னப் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறார். மீன் பிடிக்கிற படகு இல்லை. பிள்ளைகள் பாய் ஓட்டப் பழகுகிற ஃபைபர் படகு. நீளம் சுமார் 16 அடி. அலுமினியத்தில் செய்த பாய்மரம். அதை நிமிர்த்திப் பிடிக்க மூன்று கம்பிகள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, முன்னால் மூக்குக்கு ஒன்று. நம்ம ஊர்ப் படகில் இந்த வேலையைக் கயிறு செய்யும். அங்கே எவர்சில்வர் கம்பி. ஒரே கம்பி இல்லை, பல கம்பிகளை முறுக்கிச் செய்தது. பாயை ஏற்றுகிற ஆஞ்சான் கயிறும், பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மூன்று கம்பிகள் ஓடாது. கட்டினால் கட்டினபடி வருஷக்கணக்காக நிற்கும். அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆவணி மாதம் ஒரு நாள் மாமாவும், மாமா மகளும், இன்னொரு பையனும் படகில் போயிருக்கிறார்கள். காற்று அதிகம்கூட இல்லையாம். "டப்" என்று ஒரு சத்தம். வலது பக்கக் கம்பி அடியில் அறுந்து, பாய்மரம் பாயோடு சேர்ந்து இடது பக்கம் தண்ணீரில் விழுந்துவிட்டது. மாமா மகள் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்ததால் தலை தப்பித்தது. மரத்தைப் பிடிக்கப் போன மாமாவின் இடது கை ஆள்காட்டி விரல் நசுங்கி நகம் போய்விட்டது. நான் பார்த்தபோதும் கட்டோடுதான் இருந்தார்.

அதைவிட மாமாவுக்கு வலித்தது வேறு. படகு முதலாளி, "தினமும் துடைக்கிறேன் துடைக்கிறேன்னு சொன்னியே, கம்பிய என்னத்தப் பார்த்த?" என்று கேட்டுவிட்டார். மாமா உண்மையிலேயே தினமும் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்திருக்கிறார். கம்பி எங்க அம்மாவோட எவர்சில்வர் குடம் மாதிரி பளபளன்னு இருந்ததாம். பின்னே ஏன் அறுந்தது? இதுதான் கேள்வி. புதுக் கம்பி வாங்குவதற்கு முன்னால் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் அதே மாதிரி போகும் என்றார் மாமா.

முதலில் கணக்கு.

படகின் அகலத்தில் பாதி 70 செ.மீ. கம்பி பாய்மரத்தில் மாட்டியிருக்கிற உயரம் 4.5 மீட்டர். பாய்மரம் ஒரு பக்கம், படகின் பாதி அகலம் ஒரு பக்கம், கம்பி கர்ணம். நாம் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். கம்பியின் நீளம் ஏறக்குறைய 4.55 மீட்டர் வரும். இப்போது அந்த உயரத்தில் காற்று பாய்மரத்தைப் பக்கவாட்டில் 1 கிலோ அளவுக்குத் தள்ளினால் கம்பி எவ்வளவு இழுக்க வேண்டும்? ஒரு கிலோ என்று நினைத்தேன். மாமா சிரித்தார். கம்பி பாய்மரத்தோடு ஒட்டிக் கீழே இறங்குகிறது, பக்கத்தில் விலகவே இல்லை. அதனால் அதன் இழுப்பில் பெரும்பகுதி மரத்தைக் கீழ்நோக்கி அமுக்கத்தான் போகிறது, பக்கவாட்டில் பிடிக்கக் கொஞ்சம்தான் மிஞ்சும். 4.55-ஐ 0.7-ஆல் வகுத்தால் 6.5. அதாவது 1 கிலோ தள்ளினால் கம்பியில் 6.5 கிலோ இழுப்பு. 25 கிலோ தள்ளினால் சுமார் 160 கிலோ! (கிலோ என்பது நிறை, விசைக்கு நியூட்டன்தான் அலகு என்று அறிவியல் டீச்சர் சிவப்பு மையில் சுழிப்பார்கள் என்று தெரியும். கடையில் கிலோவில்தான் பேசினார்கள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.)

நம்பிக்கை இல்லாதவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். விளக்குமாற்றுக் கட்டையைத் தரையில் நிறுத்தி, உச்சியில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் நுனியைக் கட்டைக்கு அருகிலேயே தரையோடு பிடித்துக்கொள்ளுங்கள். தோழியை உச்சியில் ஒரு விரலால் எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். பிடிக்க முடியாது. நான்கு அடி தள்ளிப்போய் உட்கார்ந்து பிடித்தால் சுலபமாகப் பிடிக்கலாம். நம்ம ஊர்ப் படகில் கனத்த பலகையைக் குறுக்கே வெளியில் நீட்டி ஆட்கள் அதன் நுனிவரை போய் நிற்கிறார்களே, அதிலும் இதே தூரக் கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சரி, கம்பியில் 160 கிலோ. அலை தூக்கிப் போடும்போது இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அந்தப் படகில் இருந்தது 4 மி.மீ. கம்பி. புதிதாக இருக்கும்போது அது தாங்குவது ஏறக்குறைய 1,250 கிலோ. அப்படியானால் கம்பி போதவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று மடங்கு ஆனாலும் பாதிகூட வரவில்லையே! 1,250 கிலோ தாங்க வேண்டியது 160 கிலோவுக்கு அறுந்திருக்கிறது என்றால் கம்பியில் எங்கேயோ கொஞ்சம்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

அந்த "எங்கேயோ"-வை மாமா எனக்குக் காட்டினார்.

கம்பியை நம்ம இஷ்டத்துக்கு முடிச்சுப் போட முடியாது. அதனால் அதன் நுனியை ஓர் எவர்சில்வர் குழலுக்குள் விட்டு, மெஷினில் வைத்து நசுக்கி இறுக்கியிருப்பார்கள். குழலின் மறுமுனையில் படகோடு மாட்டுகிற துளை இருக்கும். கம்பி அறுந்தது அந்தக் குழலின் வாயில். அறுந்த குழலை மாமா வைஸில் பிடித்து, கட்டு போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தார். அரை மணி நேரம் ஆச்சு. உள்ளே பார்த்தால் காப்பித்தூள் மாதிரி துரு! மொத்தம் 19 கம்பி இருக்க வேண்டும். நான் லென்ஸ் வைத்து எண்ணினேன். 11 கம்பியின் முனை கறுப்பாக, பழைய காயமாக இருந்தது. எட்டுதான் புதிதாக அறுந்து மின்னியது. அதாவது ரொம்ப நாளாக எட்டுக் கம்பிதான் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே மாமா துடைத்த பளபளப்பு அப்படியே இருக்கிறது.

எவர்சில்வர் துருப்பிடிக்குமா? நான் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். எவர்சில்வர் என்பது வெள்ளி இல்லை, இரும்புதான். அதோடு குரோமியமும் நிக்கலும் கலந்திருப்பார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் 1913-இல் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடியபோது குரோமியம் கலந்த இரும்பு எளிதில் துருப்பிடிக்காததைக் கவனித்தார். காரணம் என்னவென்றால், குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஏடு போல மேலே படிந்துவிடும். பால் மேல் ஆடை மாதிரி. கீறினாலும் ஆக்சிஜன் பட்டால் மறுபடி படியும்.

ஆக்சிஜன் பட்டால்! குழலுக்குள் காற்று எங்கே போகும்? உப்புத் தண்ணீர் மட்டும் கம்பி வழியாக இறங்கி, கீழ்க்குழலின் வாயில் கிண்ணத்தில் நிற்பது மாதிரி நின்றுவிடும். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு தங்கும். மறுநாள் மறுபடி வரும். அந்த இடுக்கில் ஏடு கிழிந்தால் திரும்பப் படிய ஆக்சிஜன் இல்லை. உப்பில் உள்ள குளோரைடு உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும். மேல்முனையைவிடக் கீழ்முனை முதலில் போவதற்கும் இதுதான் காரணம். இன்னொரு விஷயம், கையைக் கீறாமல் இருக்க யாரோ அந்த இடத்தில் கறுப்பு டேப்பை நன்றாக இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். நல்லதுக்குத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. மாமா தினமும் துடைத்தது டேப்பின் மேலே.

அரிப்பு மட்டும் இல்லை. ஹேர்பின்னை முன்னும் பின்னும் வளைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒடிந்துவிடுகிறது அல்லவா? குழல் அசையாது, கம்பி ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் குழலின் வாயில்தான் விழுகிறது. ஒரு வருஷத்தில் எத்தனை அலை! அதனால் கம்பிக்கும் படகுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் மடங்குகிற ஒரு சின்ன மூட்டு போட வேண்டும். அந்தப் படகில் வலது பக்கத்தில் அது இல்லவே இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கம்பி வாங்கப் பாரிமுனைக்குப் போனோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஒரே கூட்டம். கயிறு, சங்கிலி, கொக்கி, கப்பி என்று தெரு முழுக்கத் தொங்குகிறது. மாமா என் கையில் வெர்னியர் அளவியைக் கொடுத்து, "பள்ளிக்கூடத்துல படிச்சேல்ல, அளந்து பாரு தாயி" என்று சொல்லிவிட்டார். முறுக்குக் கம்பியை அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுற்றளவு சமமாக இருக்காது. மேட்டுக்கு மேடு வைத்து அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்து அளந்தால் குறைத்துக் காட்டும். மூன்று இடத்தில் அளந்தேன். பழைய கம்பி 4.0 மி.மீ.

கடைக்காரர் அங்குலக் கணக்கில், "அஞ்சே முப்பத்திரண்டு சுத்து தரட்டுமா?" என்றார். 5-ஐ 32-ஆல் வகுத்து 25.4-ஆல் பெருக்கினால் 3.97 மி.மீ. பரவாயில்லை, அது 4-தான். ஆனால் "ஒன்றில் எட்டு" அங்குலம் என்றால் 3.2 மி.மீ., அது 3 மி.மீ. குழலுக்குள் நுழையாது. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

நான் மாமாவிடம், ஒரேயடியாக 5 மி.மீ. வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். 4-க்கு வர்க்கம் 16, 5-க்கு 25. ஒன்றரை மடங்குக்கு மேல் இரும்பு. பலமும் அப்படியே ஏறும். ஆனால் கனமும் ஏறும், அதுவும் மேலே. மேலே கனம் கூடினால் படகு எளிதாகச் சாயும். தவிர, படகில் மாட்டுகிற பட்டை, ஆணி, துளை எல்லாமே 4 மி.மீ.-க்குச் செய்தவை. துளையைப் பெரிசாக்கினால் பட்டை மெலியும். மறுபடி அறுந்தால் பட்டை பிய்ந்துகொண்டு படகில் ஓட்டை விழும். "படகு செஞ்சவன் போட்ட அளவே போதும். அளவு குத்தம் பண்ணல" என்றார்.

கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது கிரேனுக்குப் போடுகிற கம்பிக்கயிறு. நடுவில் நார்க்கயிறு, சுற்றிலும் கம்பி, எல்லாம் கிரீஸ். அது சுற்றி இழுக்கிற வேலைக்கு. மாமா தொடவே இல்லை.

அடுத்தது எவர்சில்வர், 7×19. இந்தப் பெருக்கல் என்னவென்றால், 19 மெல்லிய கம்பிகளை முறுக்கி ஒரு புரி, அப்படி ஏழு புரிகளை மறுபடி முறுக்கி ஒரு கம்பி. மொத்தம் 133. நூல் மாதிரி வளைகிறது. நான் விரலில் சுற்றிப் பார்த்தேன், அழகா இருந்தது. அதனால்தான் அது வேண்டாம். வளைகிறது என்றால் கப்பியில் ஓட ஏற்றது. நிற்கிற வேலைக்கு வளைவு தேவையில்லை. அதற்குள் காற்று இடைவெளி அதிகம், இரும்பு குறைவு. அதே 4 மி.மீ. பருமனுக்கு, அதே ரகத்தில், சுமார் 850 கிலோதான் தாங்கும். இழுத்தால் புரிகள் நெருங்கிக் கொஞ்சம் நீளும். நீண்டால் கம்பி தளரும், மரம் ஆடும், ஆடினால் மேலே சொன்ன ஹேர்பின் கதைதான்.

நடுவில் 7×7 என்று ஒன்று. 49 கம்பி. அது இரண்டுக்கும் நடுத்தரம்.

வேண்டியது 1×19. ஒரே புரி. நடுவில் 1, சுற்றி 6, அதைச் சுற்றி 12. கூட்டினால் 19. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுற்றி அதே நாணயங்களை வைத்தால் சரியாக ஆறுதான் வைக்க முடியும், வெளிவட்டத்தில் பன்னிரண்டு. இடைவெளி குறைவு, இரும்பு அதிகம், நீளுவதும் குறைவு. விறைப்பாக நிற்கும், விரலில் சுற்ற முடியாது.

அப்படியானால் ஒரே தடித்த கம்பியாகவே போட்டால் இன்னும் நல்லதுதானே? பெரிய பந்தயப் படகுகளில் அப்படியும் போடுகிறார்கள். ஆனால் ஒற்றைக் கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் அது ஓடி ஓடி முழுசும் ஒடியும். பல கம்பி என்றால் ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடிக்கும், அறுந்தது வெளியே நீட்டிக் கையைக் குத்தும். குத்தினால் தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலி அறுந்து அறுந்து விழுந்ததால்தான் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834-இல் கம்பிகளைக் கயிறு போல முறுக்கிப் பயன்படுத்தினார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு, முறுக்குக் கம்பியில் அப்படி இல்லை என்பதுதான் அவர் கண்டது.

கடையில் 1×19-உம் இருந்தது. ஆனால் 304 ரகம். மாமா 316 ரகம் கேட்டார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஒரே நிறம், ஒரே மினுக்கு. நம்ம வீட்டுச் சாமானெல்லாம் பெரும்பாலும் 304 வகைதான், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற தனிமம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கொஞ்சம் மாலிப்டினம்தான் உப்பின் குளோரைடை எதிர்த்து நிற்க உதவுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், புதிதாக இருக்கும்போது 304 கம்பிதான் 316-ஐவிடக் கொஞ்சம் அதிக எடை தாங்கும்! கடைக்காரர் அதைத்தான் சொன்னார், "இதுதான் சார் ஸ்ட்ராங்கு, விலையும் கம்மி, இப்பவே வெட்டித் தர்றேன்" என்று. அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாளைக்கு அது உண்மை. மாமா கேட்டது ஐந்தாம் வருஷத்துக்கு.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். நான் நம்பினேன். மாமா, அது சரியாக வராது என்றார். இரண்டு ரகமுமே காந்தத்தில் ஒட்டாத வகைதான். ஆனால் மெல்லிய கம்பியாக இழுக்கும்போது உள்ளமைப்பு கொஞ்சம் மாறுவதால் லேசாக ஒட்டவும் செய்யும். அதனால் காந்தத்தை நம்பி வாங்க முடியாது. ரகம் எழுதின தாளோ முத்திரையோ இருக்கிற சுருளிலிருந்துதான் வெட்டி வாங்க வேண்டும்.

ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசினதும் இருந்தது. ரொம்ப மலிவு. அதை மாமா வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கென்னவோ அது நேர்மையான கம்பி என்று தோன்றுகிறது. துருப்பிடித்தால் செக்கச்செவேல் என்று வெளியே காட்டிவிடும். "எண்ணெய் போடு, இல்லன்னா மாத்து" என்று கேட்கும். எவர்சில்வர் அப்படிக் கேட்காது, சிரித்துக்கொண்டே இருந்து ஒரு நாள் அறுந்துவிடும். பழைய காலப் பெரிய கப்பல்களில் துத்தநாகம் பூசின கம்பிதான், அதற்கு எண்ணெயும் தாரும் பூசி வருஷக்கணக்கில் வைத்திருந்திருக்கிறார்கள். ஆனால் சின்னப் படகில் துரு வழிந்தால் பாய் கறையாகும், முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

இப்போது டைனீமா என்று ஒரு கயிறு வந்திருக்கிறது. அதுவும் பாலித்தீன் குடும்பம்தான், ஆனால் எடைக்கு எடை இரும்பைவிடப் பல மடங்கு பலம். சில படகுகளில் கம்பிக்குப் பதில் இதைக் கட்டுகிறார்கள். துருப்பிடிக்கவே பிடிக்காது. ஆனால் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நீளும், வெயில் பட்டால் நாளாக நாளாகப் பலம் குறையும், ஏதாவது உரசினால் அறுபடும். அதனால் தேவைக்கு மேல் தடிமனாகக் கட்டி அடிக்கடி இறுக்க வேண்டும். கயிறு பின்னத் தெரிந்தவர்களுக்கு நல்லது. மாமாவுக்குப் பின்னத் தெரியும், ஆனால் விரல் அந்த நிலைமையில் இல்லை.

கம்பியே இல்லாத படகும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அக்கா 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓட்டிய சின்னப் படகில் பாய்மரத்துக்கு ஒரு கம்பிகூடக் கிடையாது. மரத்தைக் குழியில் சொருகிவிடுவார்கள், காற்றுக்கு அது மூங்கில் மாதிரி வளைந்து கொடுக்கும். ஆனால் எல்லாப் படகுக்கும் அப்படி முடியாது. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி எட்டு மாதம் உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய தாரிணி படகில் இரண்டு பெண்கள் மட்டும்தான், கேரளாவின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபாவும். இரண்டு பேரும் கடற்படை அதிகாரிகள். அவ்வளவு உயர மரத்தைக் கம்பி இல்லாமல் நிறுத்த முடியாது. நடுக்கடலில் அறுந்தால் பாரிமுனைக்கா போக முடியும்? அவர்களைப் பற்றித் தனியாக எழுத ஆசை. இப்போது கம்பிக்கே வருகிறேன்.

கம்பி எது என்று முடிவானாலும் பாதிதான். முனை என்ன செய்வது? அறுந்தது முனையில்தானே! கடையில் அலுமினியக் குழல் தந்தார்கள், கம்பியை மடக்கி அதற்குள் விட்டுச் சுத்தியலால் அடித்தால் போதும் என்று. மாமா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவர்சில்வரும் அலுமினியமும் ஒட்டி இருந்து உப்புத் தண்ணீரும் பட்டால் அது மின்கலம் மாதிரி ஆகி அலுமினியம் கரையும். செம்புக் குழல் என்றால் தாங்கும், ஆனால் அதற்கு 7×7 மாதிரி வளைகிற கம்பி வேண்டும், 1×19 அப்படி மடங்காது. நசுக்குக் குழலுக்கு நல்ல மெஷின் வேண்டும், சுத்தியல் உதவாது. கடைசியாக மாமா தேர்ந்தது மரைபோட்டுக் கழற்றுகிற முனை. கம்பியின் வெளி 12 கம்பிகளைப் பிரித்து, நடுவில் உள்ள 7-இன் மேல் ஒரு சின்னக் கூம்பை நுழைத்து, வெளிக்கம்பிகளை அதன் மேல் பரப்பி மூடி, ஸ்பேனரால் திருகி இறுக்குவது. எவ்வளவு இழுத்தாலும் கூம்பு இன்னும் இறுகும். உள்ளே தண்ணீர் போகாமல் பசை அடைத்துவிடலாம். எல்லாவற்றையும்விட, வேண்டும்போது கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கலாம். விலைதான் அதிகம்.

316, 1×19, 4 மி.மீ. கம்பியும் அந்த முனைகளும் மும்பையிலிருந்து வரவழைக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படகு வேண்டும். மாமா தெருவிலேயே நின்று போனில் பேசினார். முதலாளி சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அறுந்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்று, இருக்கிற கம்பியைப் போட்டு முடி என்கிறார். மாமா பொறுமையாக, "மூணும் ஒரே நாள்ல கட்டுனது சார், ஒரே உப்பு குடிச்சது. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையில நிக்குது. வேற கம்பி போடணும்னா நீங்க வேற ஆளப் பாருங்க, அதுல எம்பொண்ண ஏத்த மாட்டேன்" என்றார். எனக்குப் பயமா இருந்தது, வேலை போய்விடுமோ என்று. கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, வரட்டும்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மற்ற இரண்டு குழல்களையும் அறுத்துப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினார். முன்கம்பியில் மூன்று அறுந்திருந்தது. இடது பக்கம் அறுக்கவில்லை, ஆனால் கம்பியெல்லாம் பழுப்பு.

பள்ளி திறந்ததால் கம்பி வந்ததை நான் பார்க்கவில்லை. ஐப்பசியில் மாமா போன் செய்தார். மூன்று கம்பியும் கட்டியாச்சு, இரண்டு பக்கமும் நீளம் ஒரே அளவு, மடங்குகிற மூட்டும் போட்டாச்சு, டேப் சுற்றவில்லை. மாதம் ஒரு முறை கம்பி முழுக்கப் பஞ்சை வைத்து இழுத்துப் பார்க்கிறாராம். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். அந்த வேலையை இப்போது மாமா மகள்தான் செய்கிறாள்.

அறுத்த பழைய குழலையும் ஒரு முழம் கம்பியையும் மாமா எனக்குக் கொடுத்தார். அறிவியல் ஆய்வக மேசையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முனையைத் தொடாதீர்கள், ஊசி மாதிரி குத்தும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி